கொடுமுடி கோகிலம்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர்களுள் ஒன்று புதுமடம். அப்பகுதியிலிருந்து கடல் கடந்தால் இலங்கை. 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் பெரும்புயல் வரையில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. தமிழ்நாட்டு நாடகக் குழுவினர் இலங்கை சென்று நாடகம் நடத்துதல் அக்கால வழக்கம். அங்ஙனம் இரு கரைகளிலும் புகழ் நாட்டியவருள் ஒருவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்.

அம்மையார் 1908ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை வாட்டவே, புகைவண்டியில் பாடிப் பொருள் ஈட்ட நேர்ந்தது. அக்குரலின் அருமை உணர்ந்தோர் அவரை நாடகத்துறைக்கு ஆற்றுப்படுத்தினர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசியில் அமர்ந்தவர் செவிக்கும் பாட்டு எட்டுதல் வேண்டும். அம்மையாரின் குரலோ எத்துணை உயரச் சென்றாலும் சொல் சிதையாது ஒலித்தது.

1926இல் கொழும்பு நகரில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் நடித்தார். அடுத்த ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர். இசையால் இணைந்த அவ்வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. 1933இல் கிட்டப்பா தம் 27ஆம் வயதில் மறைந்தார். அப்போது அம்மையாருக்கு வயது 25. அணிகலன்களைக் களைந்தார், வெள்ளாடை உடுத்தார், மேடையையும் துறந்தார். அக்குரல் அத்துடன் அடங்கிவிடுமோ என்று கலைவாணர் கலங்கினர்.

ஆயினும் அன்பர்களின் வேண்டுகோளை ஏற்று மீண்டும் பாட முன்வந்தார். ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதியை மட்டும் இறுதிவரை கைவிடவில்லை. 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 1,00,000 ரூபாய். அந்நாளில் அது பெருந்தொகை.

கதர் உடுத்திக் காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாடல்களை முழங்கினார். எழுத்தறியாதாரும் அப்பாட்டின்வழி நாட்டு நிலையை உணர்ந்தனர். 1951இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். 1953இல் ஔவையாராகத் திரையில் தோன்றி மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார் 1980இல் இயற்கை எய்தினார்.

புகைவண்டியில் பசிக்காகப் பாடிய சிறுமியே பின்னாளில் சட்ட மேலவையில் அமர்ந்தார். இடையில் வந்த துயரம் அவரைவிட்டு அகலவில்லை, வெள்ளாடையும் மாறவில்லை. துயரத்தைத் தமக்கென வைத்துக்கொண்டு, பாட்டை நாட்டுக்கு ஈந்தமையே அவருடைய பெருமை.