‘பெர்மிஷன் டினைடு’... ஷேர்டு ஃபோல்டருக்குப் பூட்டு போட்ட மனிதர்: யார் இந்த டென்னிஸ் ரிட்ச்சி?

ஆபீஸ் சர்வரில் ஒரு ஃபோல்டரை கிளிக் செய்கிறீர்கள். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வருகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அதே ஃபோல்டர் திறக்கிறது. ஐ.டி. டீமுக்கு போன் போடுகிறோம், அவர்கள் ஏதோ 3 இலக்க எண்ணைத் தட்டுகிறார்கள், பிரச்சினை முடிந்துவிடுகிறது.

அது லினக்ஸ் சர்வர் என்றால், அந்த 3 இலக்கத்துக்குப் பின்னால் 50 ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் முக்கியமான பெயர் டென்னிஸ் ரிட்ச்சி. ‘சி’ மொழியை உருவாக்கியவர் என்று இன்ஜினீயரிங் படித்தவர்களுக்குத் தெரியும். ஃபைல் பாதுகாப்புக்காக அவர் பேடன்ட் வாங்கிய கதை அவ்வளவாக வெளியே தெரியாது.

அப்பா வேலை பார்த்த அதே இடம்

1941 செப்டம்பர் 9-ம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தார் ரிட்ச்சி. அப்பா பெல் லேப்ஸ் விஞ்ஞானி. ஹார்வர்டில் இயற்பியல் படித்த மகனும் 1967-ல் அதே பெல் லேப்ஸில் சேர்ந்தார். பி.எச்டி ஆய்வேட்டை எழுதியவர், பைண்ட் செய்த பிரதியை நூலகத்தில் கொடுக்கவே இல்லை என்கிறார்கள். கடைசிவரை டாக்டர் பட்டம் வரவில்லை!

அப்போது எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து ‘மல்டிக்ஸ்’ என்ற பிரம்மாண்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் காலம் அது. யார் எந்த ஃபைலைத் தொடலாம் என்று ஆள் ஆளாகப் பட்டியல் போடும் வசதி மல்டிக்ஸில் இருந்தது. ஆனால் திட்டம் இழுத்துக்கொண்டே போக, 1969-ல் பெல் லேப்ஸ் விலகியது. கென் தாம்ப்சனும் ரிட்ச்சியும் சகாக்களும் சின்னதாக ஒன்றை ஆரம்பித்தார்கள். அதுதான் யுனிக்ஸ்.

அந்த 3 இலக்கம் என்ன?

யுனிக்ஸ் குழு ஆள் ஆளாகப் பட்டியல் போடவில்லை. ஃபைலின் ஓனர் யார், அவர் என்ன செய்யலாம், மற்றவர்கள் என்ன செய்யலாம். அவ்ளோதான் கேள்வி. ‘குரூப்’ என்ற நடு அடுக்கு பிறகுதான் வந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் ஒரு இலக்கம். 750 என்றால் ஓனருக்கு எல்லாம், குரூப்புக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 9 பிட்டில் வேலை முடிந்தது. (வேலை ஆகலையா, 777 போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று அர்த்தம்.)

இதில் ஒரு சிக்கல். பாஸ்வேர்டு ஃபைலில் எழுத எல்லோரையும் விட்டால், ஒருவர் இன்னொருவர் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார். விடாவிட்டால், சொந்த பாஸ்வேர்டைக்கூட மாற்ற முடியாது. என்ன பண்ணுவது?

ரிட்ச்சி கூடுதலாக ஒரே ஒரு பிட் சேர்த்தார். பெயர் ‘செட்யூஐடி’. அந்த பிட் உள்ள நிரலை யார் இயக்கினாலும், இயக்குபவரின் அதிகாரத்தில் ஓடாது. நிரலின் ஓனர் அதிகாரத்தில் ஓடும். வங்கி லெட்ஜரில் நாம் கை வைக்க முடியாது, ஆனால் கவுன்ட்டர் ஊழியர் நம் கணக்கில் வரவு வைப்பார் இல்லையா? அதே ஏற்பாடுதான்.

1973 ஜூலையில் இதற்கு பேடன்ட் கேட்கப்பட்டது. மென்பொருளுக்கு பேடன்ட் கிடைப்பது கஷ்டமான காலம் என்பதால், விண்ணப்பத்தில் இதை மின்சுற்றாக வரைந்து காட்டினார்கள். 1979 ஜனவரியில் கிடைத்தது. எண் 4,135,240. கண்டுபிடிப்பாளர் இடத்தில் ரிட்ச்சி பெயர் மட்டும். பிறகு பெல் லேப்ஸ் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுவிட்டது. யுனிக்ஸ் வழியில் வந்த எல்லா சிஸ்டமும் காசு கொடுக்காமல் அதை எடுத்துக்கொண்டன.

அந்த ஒரு பிட்டின் விலை

கவுன்ட்டர் ஊழியரையே ஏமாற்றிவிட்டால்? செட்யூஐடி நிரலில் ஒரு பிழை இருந்தால் போதும், சாதாரண பயனர் ‘ரூட்’ ஆகிவிடலாம். 2022 ஜனவரியில் ‘பிகேஎக்ஸெக்’ என்ற லினக்ஸ் நிரலில் அப்படி ஒரு ஓட்டை வெளியானது. செட்யூஐடி நிரல்தான். ஓட்டை 12 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்திருக்கிறது! யுனிக்ஸ் பாதுகாப்பை முதன்மையாக வைத்து உருவானதல்ல என்று ரிட்ச்சியே கட்டுரை எழுதி ஒப்புக்கொண்டவர். தன் படைப்பின் குறையைத் தானே பட்டியல் போட்ட நேர்மை அது.

இன்னொரு பிரச்சினை நெட்வொர்க். 9 பிட் ஏற்பாடு ஒரே மெஷினை மனதில் வைத்துப் பிறந்தது. 1984-ல் சன் நிறுவனம் ‘என்எஃப்எஸ்’ கொண்டுவந்தபோது, ஃபைல்கள் வேறொரு சர்வருக்குப் போயின. வழக்கமான செட்டிங்கில் ‘நான் 1001-ம் எண் பயனர்’ என்று க்ளையன்ட் மெஷின் சொன்னால் சர்வர் அப்படியே நம்பிவிடும். உங்கள் லேப்டாப்பில் 1001 நீங்கள், சர்வரில் 1001 வேறொருவர் என்றால் அவர் ஃபைல் உங்களுக்குத் திறந்துவிடும். க்ளையன்டில் ‘ரூட்’ ஆக இருப்பவரை மட்டும் சர்வர் சாதாரண ஆளாக இறக்கி வைக்கிறது.

குரூப்பில் இருக்கும் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு ஃபைலைத் திறந்துவிட வேண்டுமா? 9 பிட் போதாது. அதனால் மல்டிக்ஸ் காலத்து ஆள் ஆளான பட்டியல் ‘ஏசிஎல்’ என்ற பெயரில் விண்டோஸ் சர்வரிலும் லினக்ஸிலும் திரும்பி வந்துவிட்டது. தாத்தா சொன்னதைப் பேரன் கேட்ட கதை.

சத்தமில்லாத விடை

1983-ல் தாம்ப்சனுடன் சேர்த்து டூரிங் விருது, பிறகு அதிபர் கிளின்டன் கையால் தேசிய விருது எல்லாம் வந்தன. ரிட்ச்சி 2007-ல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12-ம் தேதி நியூஜெர்சி வீட்டில் இறந்து கிடந்தார். தனியாக வாழ்ந்தவர். ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 5-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்ததில் இந்தச் செய்தி பலர் கண்ணில் படவில்லை. ஜாப்ஸ் விற்ற ஐபோனுக்குள்ளும் யுனிக்ஸ் வம்சம்தான் ஓடுகிறது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி பயனர் எண் கொடுத்து, ஒன்றின் ஃபைலை இன்னொன்று தொடாமல் தடுப்பதும் அதே பழைய ஏற்பாட்டின் மேல்தான்.

லினக்ஸ் மெஷின் கையில் இருந்தால், பாஸ்வேர்டு மாற்றும் நிரலின் அனுமதி வரிசையைப் பாருங்கள். ஓனர் பகுதியில் ‘எக்ஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘எஸ்’ என்று ஒரு எழுத்து இருக்கும். 1973-ல் ரிட்ச்சி பேடன்ட் கேட்ட பிட் அதுதான்.