பம்பு மேல தப்பு இல்ல: டோரிசெல்லியின் கதை

மோட்டார் ஓடுது, சத்தமும் வருது, தண்ணி மட்டும் ஏறல. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் கிணத்துத் தண்ணியை நம்பி இருக்கிற வீடுகளில் கோடை வந்தால் இது வழக்கமான புலம்பல். உடனே மோட்டாரைக் கழட்டி ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போவோம். அங்க போட்டுப் பார்த்தா சூப்பரா ஓடும்! இதே குழப்பம் 400 வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியிலும் இருந்தது. அதுக்குக் காரணம் கண்டுபிடிச்சவரை நாம ஸ்கூல்ல பாரோமீட்டர் பாடத்தில் ஒரே வரியில் படிச்சுட்டுத் தாண்டி வந்திருப்போம். அவர்தான் எவாஞ்செலிஸ்டா டோரிசெல்லி.

1608 அக்டோபர் 15-ல் பிறந்தவர். வசதி இல்லாத குடும்பம். துறவியாக இருந்த ஓர் உறவினர்தான் சின்ன வயசுப் படிப்பைக் கவனித்துக்கொண்டார். பிறகு ரோமுக்குப் போய் பெனடெட்டோ காஸ்டெல்லியிடம் சேர்ந்தார். காஸ்டெல்லி, கலிலியோவின் மாணவர். ஓடும் தண்ணீரை அளப்பது பற்றி 1628-ல் புத்தகமே எழுதியவர். அவருக்குச் செயலாளராக வேலை பார்த்துக்கொண்டே டோரிசெல்லி கணிதமும் நீரியலும் கற்றார்.

1633-ல் கலிலியோ மீது சர்ச் விசாரணை நடந்தது. பூமி சூரியனைச் சுற்றுதுன்னு சொன்னதுக்காக வீட்டுக்காவல். அதைப் பார்த்த டோரிசெல்லி, வானியலை வெளியில் பேசாமல் கணிதத்தோடு நிறுத்திக்கொண்டார். பயம்னு சொல்லலாம், விவரம்னும் சொல்லலாம்.

வீட்டுக்காவலில் இருந்தபடியே கலிலியோ எழுதிய புத்தகம் 1638-ல் வந்தது. அதில் ஒரு பம்பு ரிப்பேர் கதை வருது. ஒரு தொட்டியில் பம்பு பொருத்தியிருந்தாங்க. தண்ணி மட்டம் மேலே இருக்கும்போது நல்லா இறைச்சது. மட்டம் இறங்கினதும் நின்னு போச்சு. ரிப்பேர் பண்ண ஆளைக் கூப்பிட்டா, அவர் பம்பு மேல தப்பே இல்ல, தண்ணிதான் ரொம்பக் கீழே போயிடுச்சுன்னு சொல்லிட்டார். அந்த ஊர் முழக்கணக்கில் 18-க்கு மேல, அதாவது சுமார் 10 மீட்டருக்கு மேல, எந்த உறிஞ்சு பம்பும் இழுக்காதாம்.

சரி, ஏன் இழுக்காது? நீளமான கயிறு தன் எடை தாங்காமல் அறுவது போல, தண்ணீர்த் தூணும் அறுந்துவிடுகிறது என்றார் கலிலியோ. அவ்வளவு பெரிய ஆள் சொன்ன விளக்கம். ஆனா தப்பு.

1641 அக்டோபரில் டோரிசெல்லி கலிலியோவின் வீட்டுக்கு உதவியாளராகப் போனார். கலிலியோவுக்கு அப்போ கண் பார்வை கிடையாது. மூணு மாசம்தான் சேர்ந்து இருந்தாங்க. 1642 ஜனவரி 8-ல் கலிலியோ இறந்துட்டார். டஸ்கனி பிரபு, டோரிசெல்லியைத் தன் அரசவைக் கணிதராக நியமித்தார்.

10 மீட்டர் குழாயை நிறுத்தி வச்சு சோதனை பண்றது பெரிய தலைவலி. டோரிசெல்லி, தண்ணியைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றது. 0.76-ஐ 13.6-ஆல் பெருக்கிப் பாருங்க: 10.3 மீட்டர்! பம்புக்காரர் சொன்ன அதே கணக்கு. சோதனையைச் செய்து பார்த்ததில் விவியானிக்கும் பங்கு உண்டு.

அதோடு விடல. மேல் முனையில் பெரிய குமிழ் வைத்த இன்னொரு குழாயையும் கவிழ்த்தார். மேலே இருக்கிற வெற்றிடம்தான் இழுக்குதுன்னா, பெரிய வெற்றிடம் அதிகமா இழுக்கணும் இல்லையா? இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. அப்போ உள்ளே இருந்து எதுவும் இழுக்கல. வெளிக்காற்றின் எடைதான் கீழிருந்து தள்ளுது. இதை 1644 ஜூனில் ரிச்சி என்ற நண்பருக்குக் கடிதமா எழுதினார். புத்தகமாகப் போடவில்லை. 1647 அக்டோபர் 25-ல், 39 வயதில், ஃபுளோரன்சில் இறந்தார். மறுவருஷம் பிரான்சில் பாஸ்கலின் மைத்துனர் மலை ஏறி அளந்தபோது, மேலே போகப்போக பாதரசம் இறங்கியது. டோரிசெல்லி சொன்னது சரி!

இப்போ நம்ம கிணத்துக்கு வருவோம். பம்பு தண்ணியை இழுக்கல. குழாயில் இருக்கிற காற்றை எடுத்து வழி விடுது, அவ்வளவுதான். 10.3 மீட்டர் என்பது ஏட்டுக்கணக்கு. உராய்வு, வால்வு இழப்பெல்லாம் போக, கைக்கு வருவது 7, 8 மீட்டர், அதாவது 25 அடி. கிணத்து மட்டம் அதுக்குக் கீழே போனா, மேலே உட்கார்ந்திருக்கிற மோட்டாரை 1 ஹெச்பியில் இருந்து 2 ஹெச்பியா மாத்தினாலும் காசுதான் போகும். ஜெட் பம்போ சப்மெர்சிபிளோ போட்டு, தண்ணியைக் கீழிருந்து தள்ளணும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஏட்டுக்கணக்கே சுமார் 8 மீட்டர்தான்.

மட்டம் சரியா இருந்தும் ஏறலையா? ஃபுட் வால்வு ஒழுகி, குழாயில் இருந்த தண்ணி இறங்கியிருக்கும். இல்லன்னா உறிஞ்சு குழாயில் எங்கேயோ காற்று புகுது. ஓடும்போது அந்த ஓட்டையில் தண்ணி சொட்டாது. வெளிக்காற்று உள்ளே போகும். அதனாலதான் கண்ணுக்குச் சிக்குறதில்ல. கேரவன் வண்டியில் இருக்கிற 12 வோல்ட் குட்டிப் பம்புக்கும் இதே கதை: ஃபில்டர் மூடி லூசா இருந்தா போதும், மோட்டார் நிக்காம ஓடும், குழாயில் தண்ணி வராது.

அந்தப் பம்புக்காரர் பேரை கலிலியோ எழுதி வைக்கல. எல்லை எங்கேன்னு அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிஞ்சிருந்தது. ஏன்னு டோரிசெல்லி சொன்னார். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு ரெண்டுமே தெரிஞ்சிருக்கணும். அடுத்த தடவை ஸ்பானரை எடுக்கிறதுக்கு முன்னாடி, கயித்துல ஒரு கல்லைக் கட்டி கிணத்துல விட்டு, தண்ணி எத்தனை அடியில் இருக்குன்னு முதல்ல அளந்து பாருங்க.