கொடுமுடி கோகிலம்

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் கே. பி. சுந்தராம்பாள். சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு சேர்த்தார். அந்தக் குரலே அவரை நாடக மேடையில் ஏற்றியது. ஒலிபெருக்கி இல்லாத காலம்; உச்சஸ்தாயியில் அவர் பாடினால் கடைசி வரிசை வரை கணீரென்று கேட்கும்.

உடன் நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25! வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார்.

ஆனால் குரல் ஓயவில்லை. 1935-ல் நந்தனார் படத்தில் ஆண் வேடமே போட்டார்; ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! 1953-ல் ஔவையாராக வந்து பாடினார்.

1980-ல் மறையும் வரை சபதத்தைக் காத்தார். துணை இழந்த குரல், தனித்து நின்றே தமிழர் நெஞ்சைக் கவர்ந்தது.