ஓவியர் செய்த பூட்டு

சாவியை நுழைத்துத் திருப்பி காரை ஸ்டார்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கார்களில் சில சமயம் சாவி திரும்பாமல் அடம் பிடிக்கும். அப்போது மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? பெரும்பாலும் சாவி நுழையும் சிறிய உருளையை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, புது உருளையைப் பொருத்துவார். இன்று நாம் பயன்படுத்தும் உருளைப் பூட்டுக்கு வடிவம் கொடுத்தவர் லைனஸ் யேல் ஜூனியர்.

இவர் 1821ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அப்பாவின் பெயரும் லைனஸ் யேல்தான். அவர் வங்கிகளுக்குப் பூட்டு செய்பவர். மகனுக்கோ ஓவியத்தில் ஆசை! மனிதர்களின் உருவப்படங்களை வரைந்து வந்தார். பிறகு அவரும் பூட்டுத் தொழிலுக்கே வந்து சேர்ந்தார்.

நல்ல பூட்டு செய்ய வேண்டுமானால், பூட்டைத் திறக்கும் தந்திரமும் தெரிய வேண்டும் அல்லவா? யேல் மற்றவர்கள் செய்த பூட்டுகளை ஆராய்ந்தார். யாராலும் திறக்க முடியாது என்று பெயர் வாங்கிய பூட்டுகளையும் சாவியில்லாமல் திறந்து காட்டினார். சாவித் துளை இருந்தால்தானே திருடன் கைவரிசை காட்டுவான்? அதனால் வங்கிகளுக்குச் சாவியே இல்லாத, எண்களைச் சுழற்றித் திறக்கும் பூட்டுகளைச் செய்தார்.

சரி, வீடுகளுக்கு? அங்கேதான் பழைய யோசனை ஒன்று கைகொடுத்தது. பழங்கால எகிப்தில் மரப்பூட்டுகள் இருந்தன. சாவி உள்ளே இருக்கும் மரமுளைகளைத் தூக்கினால் பூட்டு திறக்கும். அப்பாவும் இதே முறையில் ஒரு பூட்டு செய்திருந்தார். மகன் அதைக் கைக்கு அடக்கமாக மாற்றி, 1861லும் 1865லும் காப்புரிமை பெற்றார்.

அது எப்படி வேலை செய்கிறது? உருளையின் மேலே வரிசையாகச் சின்னச் சின்னப் பின்கள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. ஸ்பிரிங் அவற்றை அழுத்தி, உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கும். சரியான சாவியின் பற்கள் ஒவ்வொரு பின்னையும் தேவையான உயரத்துக்குத் தூக்கும். இரு துண்டுகளும் சேரும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்ததும் உருளை திரும்பும். ஒரு பின் தவறினாலும் திரும்பாது! ஒரு பின்னுக்கு 10 உயரங்கள் என்று வைத்துக்கொண்டால், 5 பின்களில் 1,00,000 விதமான சாவிகள் செய்யலாம்.

அதுவரை தடித்த கதவுக்கு நீண்ட சாவி வேண்டியிருந்தது. யேலின் சிறிய, தட்டையான சாவி சட்டைப்பைக்குள் அடங்கியது.

1868 அக்டோபரில் 24 வயது ஹென்றி டவுன் என்பவருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். ஸ்டாம்ஃபோர்டு நகரில் தொழிற்சாலை அமைக்கும் பணி நடந்தது. ஆனால் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் யேல் மாரடைப்பால் இறந்தார். வயது 47தான். இளைஞர் டவுன் மனம் தளராமல் தொழிலை வளர்த்தார். யேல் என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

கார் பூட்டுகளில் பெரும்பாலும் பின்களுக்குப் பதில் மெல்லிய தகடுகள் இருக்கும். தத்துவம் என்னவோ அதேதான். அந்தத் தகடுகளும் சாவியின் பற்களும் தேய்ந்துபோனால் உயரம் மாறிவிடும். அதனால்தான் பழைய கார் சாவி அடம் பிடிக்கிறது!

உங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துப் பாருங்கள். பற்களின் மேடு பள்ளங்கள் சாவிக்குச் சாவி மாறுகின்றனவா?