வேர்முடிச்சை முதலில் கண்ட பார்பர்

கரும்பு விவசாயிகளுக்கு சார்லஸ் ஆல்பிரட் பார்பரின் பெயர் புதிதல்ல. 1912-ல் கோவையில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் வல்லுநர் அவர். ஆனால், உங்கள் தக்காளி, வாழை, மஞ்சள் வேர்களில் காணும் முடிச்சுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு.

1860-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த பார்பர், 1898-ல் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராகப் பொறுப்பேற்றார். 1901-ல், கூடலூரை அடுத்த தேவாலாவில் தேயிலைச் செடியின் வேரில் வேர்முடிச்சு நூற்புழு இருப்பதைப் பதிவு செய்தார். இந்தியாவில் இப்புழுவைப் பற்றிய முதல் பதிவு அதுவே. சந்தன மரம் அண்டை மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சுவதையும் விரிவாக ஆராய்ந்தார்.

கோவையில் வெங்கட்ராமனுடன் சேர்ந்து, 'வெள்ளை' என்ற கரும்பையும் காட்டு இனமான நாணலையும் இணைத்தார். அதில் பிறந்த 'கோ 205' ரகம் 1918-ல் வெளிவந்து வட இந்தியாவுக்குச் சென்றது. 1919-ல் ஓய்வு பெற்ற அவர் 1933-ல் மறைந்தார். வட இந்தியக் கரும்பு இனம் ஒன்றின் அறிவியல் பெயரில் இன்றும் பார்பர் இருக்கிறார்.

அவர் கண்ட புழுவுக்கு அன்று எளிய மருந்து இல்லை. பெண் புழு ஒன்று கூழ் போன்ற உறைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அந்த முட்டைகளைத் துளைத்து உண்ணும் பூஞ்சாணத்தை 1979-ல் பெரு நாட்டு உருளைக்கிழங்கு ஆய்வில் கண்டறிந்தனர். பர்ப்பூரியோசிலியம் லிலாசினம் என்ற அந்தப் பூஞ்சாணம் இன்று நமக்குத் தூளாகவும் திரவமாகவும் கிடைக்கிறது.

அதை மட்கிய தொழுவுரம், வேப்பம் புண்ணாக்குடன் கலந்து, ஈரப்பதத்துடன் நிழலில் இரண்டு வாரம் வைத்துப் பெருக்குங்கள். நடவுக்கு முன்பே நாற்றங்காலிலும் வயலிலும் இடுங்கள். அளவுக்கு உறையில் உள்ள குறிப்பைப் பின்பற்றுங்கள். பூஞ்சாணக் கொல்லியை அதே சமயத்தில் மண்ணில் ஊற்றினால் இதுவும் செத்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். முடிச்சு விழுந்த வேரை இது பழையபடி ஆக்காது. அடுத்த தலைமுறைப் புழுக்களைத்தான் குறைக்கும். எனவே அறுவடை முடிந்ததும் நாலைந்து செடிகளை மண்வெட்டியால் வேரோடு தோண்டிப் பாருங்கள். பயறு வகைகளில் எளிதாக உதிரும் முடிச்சு, தழைச்சத்து தரும் பாக்டீரியாவுடையது. வேரே வீங்கி, பிரிக்க முடியாமல் இருந்தால் அது நூற்புழு. அந்த வேர்களை வயலில் விடாமல் அகற்றி எரித்துவிட்டு, அடுத்த பயிருக்குப் பூஞ்சாணத்தைத் தயார் செய்யுங்கள்.