நடுராத்திரியில் கதவு திறந்த டாக்டர் அம்மா



நம்ம குழுக்களில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் முத்துலட்சுமி ரெட்டி என்கிற பேர் தெரியும். வயித்துல பிள்ளை தங்கினதும் நர்சம்மா கிட்டப் போய் பேர் பதியறோம். அப்போ வர்ற உதவிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்னு பேர். பணமும் சத்துப்பொருள் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். எங்க குப்பத்தில் அதை முத்துலட்சுமி காசுன்னே சொல்லுவோம். ஆனா அந்தம்மா யாரு, எந்த ஊரு, என்ன செஞ்சாங்கன்னு கேட்டா சொல்ல ஆள் குறைவு.

என் பெரிய மகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுக்கும்போதுதான் அவங்க கதையை முழுசாகப் படிச்சேன். படிச்சதில் இருந்து மனசை விட்டுப் போகல. மலருக்கு ஆளுக்கு ஒண்ணு எழுதித் தரணும்னு கூட்டமைப்பில் சொன்னப்போ, சமையல் குறிப்பு எழுதச் சொன்னாங்க. நான் இந்தம்மாவைப் பத்தி எழுதுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். எழுத்தில் குறை இருந்தா பொறுத்துக்கணும்.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியில் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுகிற வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். சின்னப் பெண் பிள்ளைகளை சாமிக்குன்னு பொட்டுக் கட்டி விட்டுடுவாங்க. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஊரறிய ஒரு கல்யாணம் கிடையாது, குடும்பம் கிடையாது. பெரிய மனுஷங்க கையில் அது வாழ்க்கை போயிடும். அந்தக் குலத்தில் பாட்டும் ஆட்டமும் கற்றுத் தேர்ந்த பெண்கள் நிறையப் பேர் உண்டு. ஆனா பெத்த பிள்ளைக்கு ஒரு பேச்சு ஊரில் இருந்துக்கிட்டே இருக்கும். முத்துலட்சுமி அம்மையார் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்.

அந்தக் காலத்தில் பெண் பெரியவள் ஆனதும் பள்ளிக்கூடம் நின்று போகும். இவருக்கும் நின்றது. ஆனா அப்பா வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்தி மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுத வைத்தார். கல்லூரியில் சேரப் போனப்போ, பெண் எப்படி ஆண்களோட உட்காரலாம்னு எதிர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மகாராஜா சேர்த்துக்கச் சொன்ன பிறகுதான் இடம் கிடைத்தது. வகுப்பில் நடுவே திரை கட்டி அதுக்குப் பின்னாடி உட்கார வைத்தாங்களாம். 1907-ல் மெட்ராஸ் வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். எழும்பூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துக்கிட்டார். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு நிபந்தனை வைத்தார். தன்னை சமமாக நடத்தணும், தான் செய்ய நினைக்கிற காரியத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒத்துக்கிட்டார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் நம்ம பக்கம் பெண் பார்க்க வர்றப்போ நகை எவ்வளவு, வலை எத்தனைன்னுதான் பேச்சு நடக்குது. பெண்ணோட பேச்சுக்கு இடம் எவ்வளவுன்னு கேட்டு நான் பார்த்ததில்லை.

1925-ல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனார். அடுத்த வருஷம் மெட்ராஸ் சட்டசபைக்கு நியமனம் ஆனார். இங்கே சட்டசபைக்குள்ள போன முதல் பெண் இவர்தான். 1927-ல் துணைத் தலைவராக எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தாங்க. அந்த நாற்காலியில் அதுக்கு முன்னாடி எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. சின்ன வயசுக் கல்யாணத்தைத் தடுக்கணும்னு அங்கே பேசினார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்தணும்னு தீர்மானம் கொண்டு வந்தார்.

இதில் ஒரு விஷயத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன். பொட்டுக் கட்டின பெண்கள் பலருக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. கோயிலில் சேவை செய்தால்தான் அந்த நிலம் அவங்களுக்கு. இதை விட்டு வெளியே போறேன்னு சொன்னா நிலமும் போயிடும். சோறு போயிடும்னு பயந்தே பல குடும்பம் அதிலேயே கிடந்தது. அதனால 1929-ல் இவர் கொண்டு வந்த சட்டம் முதலில் நிலத்தைத்தான் பேசியது. சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே. முதல்ல வயித்துக்கு வழி. அப்புறம்தான் வெளியே வான்னு கூப்பிட முடியும்.

நம்ம ஏரியிலும் இதைப் பார்க்கிறோமே. பாட்டில் பேர் ஆம்பளைங்க பேரில்தான். எறா உரிக்கிறது, நண்டு பிரிக்கிறது, கூடை தூக்கிக்கிட்டு விற்கப் போறது எல்லாம் நாம. புருஷனை விட்டு வெளியே வந்த பெண்ணுக்கு ஏரியில் பங்கு இல்லை, கரையில் கூரை இல்லை. அடி வாங்கிக்கிட்டு ஏன் இருக்கேன்னு கேட்கிறது சுலபம். எங்கே போவான்னு யாரும் கேட்கிறதில்லை.

முத்துலட்சுமி அம்மையார் வாழ்க்கையில் இந்தக் கேள்வி ஒரு ராத்திரி வாசலுக்கே வந்தது. 1930-ம் வருஷம். பொட்டுக் கட்டுற வழக்கத்தில் இருந்து தப்பித்து வந்த சின்னப் பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. அதுக்கு முன்னாடி மெட்ராசில் பெண்கள் விடுதிகளில் போய் இடம் கேட்டிருக்காங்க. இன்ன குலத்துப் பிள்ளைங்கன்னு தெரிஞ்சதும் சேர்த்துக்கல. சட்டசபையில் நமக்காகப் பேசின டாக்டர் அம்மா இருக்காங்கன்னு தேடி வந்துட்டாங்க.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சட்டசபையில் எவ்வளவும் பேசலாம். நடுராத்திரி வாசலில் வந்து நிற்கிற பிள்ளைகளை உள்ளே கூப்பிடுறது வேற. இவர் உள்ளே கூப்பிட்டார். தன் வீட்டிலேயே தங்க வைத்தார். தன்னைப் பெத்த அம்மா பிறந்த அதே குலத்துப் பிள்ளைகள். அந்த வருஷமே காந்தியைக் கைது செய்ததை எதிர்த்து சட்டசபைப் பதவியையும் விட்டுட்டார். பதவி போச்சு, பிள்ளைகள் வீட்டில் இருந்தாங்க.

அந்தப் பிள்ளைகளில் இருந்து ஆரம்பமானதுதான் அவ்வை இல்லம். ஊர் ஊராக நடந்த அவ்வைப் பாட்டி பேரையே வைத்தார். முதலில் மயிலாப்பூரில் இருந்து, பிறகு அடையாறுக்கு மாறியது. இன்னைக்கும் அங்கே நடக்குது. ஆதரவில்லாத பிள்ளைகள், விட்டுட்டுப் போன பெண்கள் எல்லாருக்கும் இடம் கொடுத்தாங்க. என்ன சாதின்னு கேட்கல. சோறு போட்டு உட்கார வைக்கவும் இல்லை. படிக்க வைத்தாங்க, கைத்தொழில் கற்றுக் கொடுத்தாங்க, சொந்தக் காலில் நிற்க வைத்தாங்க. தனி ஆளாக அவர் இதைச் செய்யல. அடையாறில் 1917-ல் தொடங்கின இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் கூட நின்னாங்க. சம்பளம் வாங்காமல் நேரம் கொடுத்தவங்க, நன்கொடை திரட்டினவங்க, அரிசி பருப்பு கொடுத்தவங்கன்னு பல கை சேர்ந்துதான் இப்படி ஒரு வீடு நடக்கும்.

பொட்டுக் கட்டுவதை முழுசாகத் தடுக்கிற சட்டம் 1947-ல்தான் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதுக்காக ஊர் ஊராகப் போய் பாடுபட்டவர். சட்டசபையில் முதல் தீர்மானம் வந்து 20 வருஷம் கழித்துச் சட்டம். அந்த 20 வருஷமும் சட்டம் வரட்டும்னு காத்திருந்தா, அந்த ராத்திரி வந்த பிள்ளைகள் கதி என்ன? சட்டம் வர்ற வரைக்கும் ஒரு வீடு வேணும். அதை இவர் செய்து காட்டினார்.

அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தார். 1923-ல் புற்றுநோயில் இறந்துட்டார். டாக்டராக இருந்தும் கூடப் பிறந்தவளைக் காப்பாத்த முடியலையேங்கிற துக்கத்தை வருஷக்கணக்கில் மனசில் வைத்திருந்தார். புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதுக்குத் தனி ஆஸ்பத்திரி எதுக்குன்னு நினைச்ச காலம் அது. மாதர் சங்கத்தின் பேரில் நிதி சேர்த்தார். 1952-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கையோட திறந்தது. அப்போ அவருக்கு வயசு 67. நம்ம பக்கத்தில் இருந்து பொன்னேரியில் ரயிலேறி அடையாறு போய் வைத்தியம் பார்த்துட்டு வந்தவங்க எத்தனை பேர். பெண்கள் சங்கம் சேர்த்த பணத்தில் தொடங்கின இடம் அதுன்னு எல்லாருக்கும் தெரியணும்.

1956-ல் பத்ம பூஷண் விருது கொடுத்தாங்க. 1968-ம் வருஷம் ஜூலை 22-ம் தேதி காலமானார். 82 வயசு முடிய எட்டு நாள்தான் பாக்கி.

இப்போ நான் ஏன் இவங்களைப் பத்தி எழுத ஆசைப்பட்டேன்னு சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்த சமயம். கடல் தண்ணி ஏரிக்குள்ள வரல, எறா இல்லை, எந்த வீட்டிலும் காசு இல்லை. அந்த மாதிரி மாசங்களில்தான் குடியும் சண்டையும் கூடும். ஒரு ராத்திரி ஒரு பெண் ரெண்டு பிள்ளையோட எங்க வீட்டுக்கு வந்தாள். பேர் ஊர் வேண்டாம். எங்க மாமியார் ஒரு வார்த்தை கேட்காமல் பாய் எடுத்துப் போட்டாங்க. மறுநாள் காலையில் அவள் வீட்டு ஆளுங்க வாசலில் வந்து நின்னு சத்தம் போட்டாங்க. அடுத்த குடும்பத்தைப் பிரிக்கிறோம்னு எங்க மேல பழி. என் வீட்டுக்காரர் தொழிலுக்கு அவங்களோடதான் போகணும், ஒரே கரை. நாலு நாள் வைத்திருந்தோம். குழுவில் நாலஞ்சு பேர் மாத்தி மாத்தி வந்து கூட உட்கார்ந்தாங்க. ஊர்ப் பெரியவங்க பேசி அனுப்பி வைத்தாங்க. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை யாரும் கேட்கல.

அப்போ ஒண்ணு புரிஞ்சது. ஒரு வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தா அந்த வீடுதான் பழியைச் சுமக்கும். எல்லாரும் சேர்ந்து திறக்கிற கதவா இருந்தா யார் மேலயும் விழாது. முத்துலட்சுமி அம்மையார் தன் வீட்டோட நிறுத்தாமல் அதை அவ்வை இல்லமா ஆக்கினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. அவங்க இறந்து இத்தனை வருஷம் ஆகியும் அங்கே விளக்கு எரியுதே.

நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தில் பின்னாடி ஒரு அறை இருக்கு. நாற்காலியும் பழைய பேனரும் போட்டு வைத்திருக்கோம். அதைக் காலி பண்ணுவோம். ரெண்டு பாய், ஒரு விளக்கு, உள்தாழ்ப்பாள், ஒரு டின் அரிசி போதும். வாரத்துக்கு ரெண்டு பேர்னு குழு வாரியா முறை போடுவோம். மாசம் ஆளுக்கு 10 ரூபாய் தனியா எடுத்து வைப்போம், கணக்கு தீர்மான நோட்டில் ஏறட்டும்.

181-க்குப் போன் போட்டா பெண்களுக்கு எந்நேரமும் உதவி உண்டு, பிள்ளைகளுக்கு 1098. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனைவி வாழ்ந்த வீட்டிலேயே இருக்க உரிமை இருக்கு, மாவட்டத்தில் அதுக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க. கோர்ட்டில் இலவச சட்ட உதவி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் கிடைக்கும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் அந்த அறைச் சுவரில் எழுதி வைப்போம். தங்க வர்ற பெண்ணுக்கு ஓலைக் கூடை பின்னுற வேலையோ, குழுவில் ஒரு உள்கடனோ கொடுத்து, அடுத்த மாசத்துக்கு வழி பண்ணிட்டுத்தான் பேச்சுவார்த்தைக்கு உட்காரணும். அந்த நிலச் சட்டம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

அடுத்த மாசக் கூட்டத்தில் இதைத் தீர்மானமா வைக்கப் போறேன். படிக்கிற அக்கா தங்கச்சிமார் வந்து கை தூக்கணும். அந்த அறைக்கு என்ன பேர் வைக்கலாம்னும் யோசிச்சுக்கிட்டு வாங்க.