உப்பு மறைத்த விரிசல்

எக்கியார்குப்பத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் மரக்காணம் உப்பளங்களின் வரப்பில் சிறிது நேரம் நிற்பது என் வழக்கம். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தில் வெயிலுக்கு ஆங்காங்கே வெடிப்பு விடும். இரவில் லேசாகத் தூறினால் அடுத்த சில நாள்களில் அந்த வெடிப்பு இருந்த இடமே தெரியாது. ஈரம் பட்ட உப்பு கரைந்து, மீண்டும் உறைந்து, மணியோடு மணி ஒட்டி இறுகிவிடுகிறது. பிறகு அதை எடுக்கக் கடப்பாரைதான் வேண்டும். வீட்டு உப்புச் சாடியிலும் நடப்பது இதுவே. இந்தச் சிறு நிகழ்ச்சியைப் பார்க்கும்போது எனக்கு பீர்பல் சாஹ்னியின் நினைவு வரும்.

இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை எனப் போற்றப்படும் சாஹ்னி 1891 நவம்பர் 14 அன்று மேற்குப் பஞ்சாபில், ஜீலம் ஆற்றங்கரையில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். லாகூரில் பயின்று, கேம்பிரிட்ஜில் சீவார்டு என்னும் பேரறிஞரிடம் ஆய்வு செய்து நாடு திரும்பினார். 1921-இல் லக்னௌ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியரானார். 1936-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் விழுப்புரம் மாவட்டத்துக்கும் அவரோடு ஓர் உறவு உண்டு. திருவக்கரைக் கல்மரங்களில் ஒரு வகையை 1931-இல் மறு ஆய்வு செய்து, அதன் தாவரவியல் பெயரைத் திருத்தி அமைத்தவர் அவரே.

அவர் பிறந்த பேராவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, பஞ்சாபின் உப்பு மலைத்தொடர். அங்குள்ள கேவ்ரா சுரங்கத்தின் இளஞ்சிவப்பு உப்பைத்தான் நம் நாட்டு மருந்துக் கடைகளில் நெடுங்காலம் இந்துப்பு என்று விற்று வந்தார்கள். அந்த உப்பின் வயது என்ன என்பது புவியியலாளர்களை நெடுங்காலம் பிரித்து வைத்திருந்த கேள்வி. உப்புக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில் டிரைலோபைட் போன்ற கேம்பிரியன் காலத்து உயிர்களின் படிமங்கள் இருக்கின்றன. அப்படியானால் அடியில் உள்ள உப்பு அதனினும் பழையதாக, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாக இருக்க வேண்டும். ஆனால், சிந்து நதிக்கு அப்பால் கோஹாட் பகுதியில் கிடைக்கும் உப்போ இயோசீன் காலத்தது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டு வயதுடையது. இரண்டும் ஒன்றுதான் என்றும், பழைய பாறைகள் பெரும் தள்ளலால் நகர்ந்து வந்து இளைய உப்பின்மேல் ஏறிவிட்டன என்றும் ஒரு சாரார் வாதிட்டனர்.

இந்த வழக்கில் சாஹ்னி 1940-களில் நுழைந்தார். சுரங்க உப்பைத் தண்ணீரில் கரைத்து, எஞ்சிய கசடை நுண்ணோக்கியில் பார்த்தார். மரத்துணுக்குகளும் பூச்சிகளின் உடல் சிதறல்களும் தென்பட்டன. கேம்பிரியன் காலத்தில் நிலத்தில் மரமும் இல்லை, பூச்சியும் இல்லை. எனவே, உப்பு இயோசீன் காலத்ததே என்று அவர் முடிவு கட்டினார். எதிர்த்தரப்பில், அம்மலையில் ஆண்டுக்கணக்காகக் களப்பணி செய்த இ.ஆர். ஜீ போன்றோர் இருந்தனர். 1944-இல் புணேயிலும் 1945-இல் உதய்ப்பூரிலும் இது குறித்துக் கருத்தரங்குகள் நடந்தன.

சாஹ்னி தோற்றார் என்பதே இன்றைய முடிவு. அந்த உப்பு கேம்பிரியனின் தொடக்கத்தையோ அதற்குச் சற்று முந்தியதையோ சேர்ந்தது. அவர் ஏமாந்தது எப்படி?

பாறை உடையும் என்பதை நாம் அறிவோம். பாறை ஒழுகும் என்பதை எளிதில் நம்புவதில்லை. தரைமட்டத்தில் சுத்தியலால் அடித்தால் இந்துப்பும் தெறித்து உடையத்தான் செய்கிறது. ஆழத்தில் நிலைமை வேறு. எல்லாப் பக்கமும் நெருக்கும் சுமை விரிசல்களின் வாயை மூடுகிறது. ஒரு பக்கம் மிகும் தள்ளல், உடைக்க முடியாத பாறையை மெல்ல உருமாற்றுகிறது. வெப்பம் அந்த நகர்வை விரைவுபடுத்துகிறது. கருங்கல் இவ்வாறு இளகப் பல நூறு பாகை வெப்பம் தேவை. உப்புக்கோ சில கிலோமீட்டர் ஆழமும் நூறு பாகைக்குக் குறைந்த வெப்பமுமே போதும். மணிகளுக்கு இடையே முடியினும் மெல்லியதாய்த் தங்கிய உப்புநீர், நெருக்கம் மிகுந்த இடத்தில் கரைத்து, நெருக்கம் குறைந்த இடத்தில் படிய வைக்கிறது. விரிசல் தைக்கப்பட்டுவிடுகிறது, தையல்கூடத் தெரிவதில்லை.

மலையோடு உயர்ந்து தரைமட்டத்துக்கு அருகில் வந்த உப்பில் மீண்டும் வெடிப்புகள் உண்டாகி, மழைநீர் மேலிருந்து துணுக்குகளைச் சுமந்து இறங்கி, அங்கேயே உறைந்து போனால், பிற்காலத்தில் வெட்டி எடுப்பவர் கண்ணுக்கு அது மாசற்ற முழுப் பாளமாகவே தோன்றும். இப்படிக் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் அன்றே எழுந்தது. சாஹ்னி அதைப் புறந்தள்ளவில்லை. மாதிரி எடுப்பதில் தம்மால் இயன்ற எச்சரிக்கைகளைக் கடைப்பிடித்தார். ஆயினும், தன் வடுக்களைத் தானே அழித்துக்கொள்ளும் ஒரு பாறையைச் சாட்சியாக நம்பினார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர் தரப்பு சொன்ன பெரும் தள்ளல் பொய்யன்று. இமயத்தின் நெருக்குதலால் பொட்வார் பீடபூமி தெற்கு நோக்கி இருபது கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்திருக்கிறது. ஆனால், மேலே கிடந்த பாறைகளோடு உப்பும் சேர்ந்தே பயணம் செய்தது. ஒழுகும் தன்மையால் அதுவே அத்தனை பெரிய நிலப்பரப்புக்கும் அடியில் மசகு எண்ணெய்போல் அமைந்தது.

நான் படித்த அறிவியலாளர் வரலாற்று நூல்கள் எதுவும் சாஹ்னியின் இந்த அத்தியாயத்தைத் தொட்டதில்லை. ராஜ்மகால் குன்றுகளின் தாவரப் படிமங்களும் விருதுகளும் இடம்பெறும், கேவ்ரா இடம்பெறாது. அவருக்குச் செய்யும் மரியாதையாக இதை என்னால் கருத முடியவில்லை. புகழின் உச்சியில் இருந்த ஒருவர், தம் முடிவை மறுப்போரின் முன்னிலையில் வைத்து விவாதித்தது சிறிய செய்தியன்று. நம் மாணவர்களுக்கு அவருடைய வெற்றிகளைவிட இதுவே கூடுதலாகப் பயன்படும் என்பேன்.

1947-இல் நாடு பிரிந்தது. பேராவும் கேவ்ராவும் எல்லைக்கு அப்பால் போயின. சாஹ்னி தாம் கனவு கண்ட தொல்தாவரவியல் நிறுவனத்தை லக்னௌவில் எழுப்புவதில் முழுமூச்சாக இறங்கினார். 1949 ஏப்ரல் 3 அன்று பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அக்கல்லில் பல காலத்துத் தாவரப் படிமங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அடுத்த ஒரே வாரத்தில், ஏப்ரல் 10 அன்று, மாரடைப்பால் சாஹ்னி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 57. உப்பின் வயது குறித்த வழக்கு அன்றும் முடிந்திருக்கவில்லை. பாதியில் நின்ற நிறுவனப் பணியை அவருடைய மனைவி சாவித்திரி ஏற்று நடத்தினார்.